மென்மை வேறு, சௌகரியம் வேறு: ஓட்டக் காலணியை மதிப்பிடும் முறை

விளையாட்டுப் பொருள் கடைக்கு ஓட்டக் காலணி வாங்க வருவோரில் பலர் முதலில் செய்வது, ஷூவைக் கையில் எடுத்துக் குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதுதான். அமுங்கினால் நல்ல ஷூ என்றும் அமுங்காவிட்டால் முரட்டு ஷூ என்றும் முடிவாகிவிடுகிறது. பிறகு, கல்லூரி நாள்களிலிருந்து மாறாத ஓர் அளவைச் சொல்லி, உட்கார்ந்தபடியே மாட்டிப் பார்த்து, இரண்டு அடி நடந்துவிட்டுப் பணம் செலுத்திவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் பெருவிரல் நகம் கறுத்துப்போனாலோ பாதத்தின் மேற்புறம் மரத்துப்போனாலோ, ஓட்டமே தமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நல்ல பழக்கம் ஒன்று இப்படித் தொடக்கத்திலேயே கைவிடப்படுவது வருத்தத்துக்கு உரியது. ஏனெனில் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி, வாங்கும்போதே பத்து நிமிடம் கவனித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், வடிவமைப்பு, பொருத்தம், சௌகரியம் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றாகப் போட்டுப் பேசுவதில்தான். வடிவமைப்பு காலணியிடம் உள்ள குணம். யார் அணிந்தாலும் அது மாறாது. பொருத்தம் என்பது அந்தக் காலணிக்கும் உங்கள் பாதத்துக்கும் இடையே உள்ள உறவு. நண்பருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சௌகரியம் என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் உடல் சொல்லும் தீர்ப்பு. மென்மை இந்த மூன்றில் எதுவும் இல்லை. அது வடிவமைப்பின் பல கூறுகளுள் ஒன்று மட்டுமே.

## ஷூவின் உறுப்புகள்

ஓட்டக் காலணியைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் மூன்று அடுக்குகள் தெரியும். பாதத்தைப் போர்த்தியிருக்கும் துணிப்பகுதிக்கு அப்பர் என்று பெயர். இன்றைய ஷூக்களில் இது பெரும்பாலும் காற்று புகும் வலைத்துணியால் ஆனது. தரையைத் தொடும் ரப்பர் பகுதி அவுட்சோல். பிடிமானமும் தேய்மானமும் இதன் பொறுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே தடிமனாகத் தெரியும் நுரைப்பகுதி மிட்சோல். ஷூவின் விலையும் விளம்பரமும் பெரும்பாலும் இந்த நடு அடுக்கைச் சுற்றியே சுழல்கின்றன.

உள்ளே கையை விட்டால் இன்னும் சில உறுப்புகள் தட்டுப்படும். பாதம் நேரடியாக மிதிக்கும் மெல்லிய தகடு இன்சோல். பெரும்பாலான ஷூக்களில் அதைக் கழற்றி எடுக்கலாம். குதிகாலைச் சுற்றி, துணிக்குள் மறைந்திருக்கும் கெட்டியான கிண்ணம் போன்ற பகுதிக்கு ஹீல் கவுண்டர் என்று பெயர். குதிகால் பக்கவாட்டில் நழுவாமல் அது பிடித்துக்கொள்கிறது. விரல்கள் இருக்கும் முன்னறைக்கு டோ பாக்ஸ் என்று பெயர்.

இந்த உறுப்புகள் எல்லாவற்றுக்கும் முந்தியது ஒன்று உண்டு. கடையில் அதை யாரும் பார்ப்பதில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரக் காலணித் தொழிலில் இருப்பவர்கள் நாள்தோறும் புழங்கும் லாஸ்ட் என்னும் பாத வடிவ அச்சுதான் அது. அப்பரை இந்த அச்சின்மேல் இழுத்து இறுக்கித்தான் ஷூவுக்கு உருவம் கொடுக்கிறார்கள். குதிகால் எவ்வளவு ஒடுங்கியிருக்க வேண்டும், முன்பாதம் எவ்வளவு விரிய வேண்டும், பாதத்தின் மேற்புறத்துக்கு எவ்வளவு உயரம் விட வேண்டும் என்பதை எல்லாம் முடிவு செய்வது அந்த அச்சு. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தும் காலில் வெவ்வேறு விதமாக உட்காருவதற்கு முதன்மையான காரணம், அவை வெவ்வேறு லாஸ்ட்டில் செய்யப்பட்டிருக்கலாம் என்பதே. நீங்கள் விரும்பி அணிந்த மாடலின் அடுத்த பதிப்பு வெளிவரும்போது அச்சோ அப்பரோ மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆகவே பழைய ஷூவை நம்பிப் புதிய பதிப்பைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது சரியல்ல.

## ஓடும்போது பாதத்துக்கு நேர்வது

நடக்கும்போது ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இரண்டு கால்களும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கின்றன. பிறகு முழு உடலும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. அப்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வோர் அடியிலும் 140 முதல் 210 கிலோ வரையிலான சுமைக்கு ஈடான விசையை ஒரு காலில் ஏற்கிறார். அதுவும் ஏறக்குறைய கால் நொடிக்குள். ஓடுவோர் நிமிடத்துக்குச் சுமார் 160 முதல் 180 அடிகள் வைப்பதால், அரை மணி நேர ஓட்டத்தில் இரண்டு கால்களுக்கும் சேர்த்து இது ஏறக்குறைய ஐயாயிரம் தடவை நிகழ்கிறது.

பாதம் ஒரு கட்டை போன்ற ஒற்றைப் பொருள் இல்லை. 26 எலும்புகளும் அவற்றை இணைக்கும் தசைநார்களும் சேர்ந்த நெகிழ்வான அமைப்பு. சுமை இறங்கியதும் உள்வளைவு சற்றுத் தாழ்கிறது, பாதம் சில மில்லிமீட்டர் நீளமும் அகலமும் கூடுகிறது, குதிகால் மெல்ல உட்புறமாகச் சாய்கிறது. இந்த உட்சாய்வுக்குப் புரொனேஷன் என்று பெயர். இது நோய் அல்ல. பாதம் அதிர்வை ஏற்றுக்கொள்ளும் இயல்பான வழி. பிறகு விரல்களின் அடிப்பகுதியில், முன்பாதம் மடிந்து, உடலை முன்னே தள்ளுகிறது. நேரம் ஆக ஆக ரத்த ஓட்டத்தாலும் சூட்டாலும் பாதம் வீங்குகிறது.

சுருங்கச் சொன்னால், கடையில் உட்கார்ந்திருக்கும்போது உள்ள பாதமும் ஐந்தாவது கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் பாதமும் அளவாலும் வடிவத்தாலும் ஒன்றல்ல. ஷூ பொருந்த வேண்டியது பின்னதற்கு.

## மிட்சோல் செய்யும் வேலை

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கிறவர் கைகளை விறைப்பாக நீட்டி வைத்திருப்பதில்லை. பந்து உள்ளங்கையைத் தொட்டதும் கைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பந்து வந்து சேரும் வேகம் இதனால் மாறுவதில்லை. அது நிற்பதற்கு ஆகும் நேரம் கூடுகிறது. நேரம் கூடுவதால் கையில் விழும் அடியின் உச்சம் குறைகிறது. மிட்சோல் செய்வதும் இதையே. நுரை அமுங்கும் அந்தச் சில மில்லிமீட்டர்கள், கால் நின்று நிதானிப்பதற்கான நேரத்தை நீட்டிக்கொடுக்கின்றன. இதைத்தான் குஷனிங் என்கிறோம்.

இங்கிருந்து ஒரு முக்கியமான உண்மையைப் புரிந்துகொள்ளலாம். நுரை மிதமிஞ்சி மென்மையாக இருந்தால், உடல் எடை இறங்கியவுடன் அது முழுவதுமாக அமுங்கித் தட்டையாகிவிடும். மேற்கொண்டு அமுங்க இடம் இல்லாதபோது, மிச்சமுள்ள விசை நேராகக் காலுக்கு ஏறும். கட்டைவிரலால் நாம் கொடுக்கும் அழுத்தம் சில கிலோ; ஓடும்போது இறங்குவதோ அதைப் போல் பல மடங்கு. விரலுக்கு மென்மையாகத் தோன்றிய நுரை அந்தச் சுமையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை விரல் சொல்லாது. 55 கிலோ எடையுள்ளவருக்கு இதமாக இருக்கும் அதே நுரை 90 கிலோ எடையுள்ளவருக்குத் தட்டையாகிவிடலாம். 90 கிலோ எடையுள்ளவருக்கு ஏற்ற நுரை 55 கிலோ எடையுள்ளவருக்குப் பலகை போல் தோன்றலாம். அத்துடன், நம் உடலும் சும்மா இருப்பதில்லை. மென்மையான தளத்தில் இறங்கும்போது கால் தசைகள் தாமாகவே விறைப்பைக் கூட்டிக்கொள்கின்றன. கெட்டியான தளத்தில் முழங்காலும் கணுக்காலும் சற்று அதிகமாக மடிந்துகொடுக்கின்றன. ஆகவே நுரை இரட்டிப்பு மென்மையானால் அதிர்வு பாதியாகும் என்ற கணக்கு பொய்.

நுரையின் வகைகளைப் பற்றி ஓரளவு தெரிந்திருந்தால் போதும். 1970களின் நடுப்பகுதியிலிருந்து ஓட்டக் காலணிகளில் இடம்பிடித்தது ஈ.வி.ஏ. என்னும் நுரை, விலை குறைவு, எடையும் குறைவு, ஆனால் நாள்பட அமுங்கி உயிர் போய்விடும். 2013-ல் அடிடாஸ் தன் பூஸ்ட் ஷூக்களில் கொண்டுவந்த டி.பி.யூ. நுரை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் எடை கூடியது. பீபா என்னும் மிக இலகுவான நுரை, அமுங்கிய பிறகு விரைவாக விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது. இதற்கு ஆற்றல் மீட்சி என்று பெயர். 2017-ல் விற்பனைக்கு வந்த நைக்கியின் வேப்பர்ஃபிளை 4% ஷூவில், இந்த வகை நுரையோடு வளைந்த கார்பன் தகடு ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைந்ததாக ஆய்வக அளவீடுகள் காட்டின. உலகத் தடகள அமைப்பு 2020-ல் விதி வகுத்து, சாலை ஓட்டப் போட்டிகளுக்கான ஷூவின் சோல் தடிமன் 40 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட தகடு கூடாது என்று வரம்பு கட்ட வேண்டிய அளவுக்கு அதன் தாக்கம் இருந்தது.

ஆனால் புதிதாக ஓடத் தொடங்குவோர் இந்தப் பந்தய ஷூக்களின் பின்னால் போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. அவை வேகமாக ஓடுவோரின் நடைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை. விலை மிக அதிகம். நுரை சீக்கிரம் தளர்ந்துவிடும். உயரமும் மென்மையும் சேர்ந்து, மெதுவாக ஓடும்போதும் திரும்பும்போதும் கணுக்காலை ஆட்டம் காண வைக்கும். தினசரிப் பயிற்சிக்கென்று செய்யப்படும் சாதாரண ஷூவே தொடக்கத்துக்கு ஏற்றது.

எடையைப் பற்றி ஒரு குறிப்பு: ஒரு ஷூவின் எடை 100 கிராம் கூடினால், ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது. பந்தயத்தில் அது பெரிய விஷயம். உடல்நலத்துக்காகக் காலையில் ஓடுபவர் 30 கிராம் வித்தியாசத்துக்காகப் பொருத்தத்தை விட்டுக்கொடுப்பதில் பொருள் இல்லை.

## ட்ராப் என்னும் உயர வித்தியாசம்

குதிகாலுக்கு அடியில் உள்ள சோலின் தடிமனுக்கும் முன்பாதத்துக்கு அடியில் உள்ள தடிமனுக்கும் இடையிலான வித்தியாசமே ட்ராப். குதிகாலில் 32 மி.மீ., முன்பாதத்தில் 24 மி.மீ. என்றால் ட்ராப் 8 மி.மீ. வழக்கமான பயிற்சி ஷூக்களில் இது 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், சில நிறுவனங்கள் 4 மி.மீ.க்கும், ஏன் பூஜ்யத்துக்கும்கூடச் செய்கின்றன.

ட்ராப் குறையும்போது கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும் கூடுதலாக உழைக்கின்றன. கூடும்போது அந்தச் சுமையில் ஒரு பங்கு முழங்காலுக்கு மாறுகிறது. எதுவும் மாயமாக மறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவே. ஆகையால் 10 மி.மீ. ட்ராப்புக்குப் பழகியவர் திடீரென்று பூஜ்ய ட்ராப்புக்குத் தாவினால், கெண்டைக்கால் வலியை வரவழைத்துக்கொள்கிறார். மாற விரும்பினால் பல வாரங்கள் எடுத்துக்கொண்டு, குறைந்த தொலைவில் தொடங்கி மாற வேண்டும்.

## பொருத்தம்: எண்ணை நம்பாமல் பாதத்தை நம்புவது

இந்தியாவில் நாம் பொதுவாகச் சொல்லும் சைஸ் பிரிட்டிஷ் முறையைச் சேர்ந்தது. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ. வித்தியாசம், அரை சைஸ் என்றால் 4 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஆண்களுக்கான அமெரிக்க எண் அதே ஷூவுக்கு அரை அல்லது ஒன்று கூடுதலாக இருக்கும். ஐரோப்பிய முறையில் ஓர் எண்ணுக்கு ஏறக்குறைய 6.7 மி.மீ. ஷூவின் நாக்குப் பகுதியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டில் இந்த எண்கள் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் அதே சீட்டில் சென்டிமீட்டர் அளவையும் தருகின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் ஒப்பிட அந்த சென்டிமீட்டர் எண் ஓரளவு நம்பகமானது. இருப்பினும் அது நீளத்தை மட்டுமே சொல்கிறது. அகலத்தையோ பாதத்தின் மேற்புற உயரத்தையோ சொல்வதில்லை.

நம் நாட்டவருக்கு அகலம் உண்மையான சிக்கல். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தியாவுக்கென்று தனிக் காலணி அளவுமுறையை உருவாக்குவதற்காக, நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆய்வு நடத்தியது. இந்தியர்களின் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அதில் வெளிப்பட்ட முக்கியமான முடிவு. அகலம் போதாத ஷூவை அணிய நேரும்போது நம்மில் பலர் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிச் சமாளிக்கிறோம். அப்போது அகலம் ஓரளவு கிடைக்கிறது, ஆனால் நீளம் மிகுந்துபோகிறது. குதிகால் ஒவ்வோர் அடியிலும் மேலெழும்புகிறது, ஷூ மடியும் இடமும் பாதம் மடியும் இடமும் ஒன்றாக அமைவதில்லை. இதற்குச் சரியான தீர்வு, அகல வகைகளைக் கேட்டு வாங்குவது. ஆண்களுக்கான வழக்கமான அகலம் டி என்ற எழுத்தாலும், அகலமானது 2ஈ, மிக அகலமானது 4ஈ என்றும் குறிக்கப்படுகின்றன. பெண்களுக்கு வழக்கமானது பி, அகலமானது டி. சில நிறுவனங்கள் எழுத்துக்குப் பதிலாக வைட் என்று அச்சிட்டிருக்கும். கடையில் இல்லை என்றாலும் வரவழைத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

பொருத்தத்தை நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். அவற்றில் எளிதானது நீளம். இரண்டு ஷூக்களையும் அணிந்து, லேஸ் கட்டி, எழுந்து நின்று, மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிக நீண்ட விரல் எப்போதும் பெருவிரலாகவே இருப்பதில்லை. பலருக்கு இரண்டாம் விரல் நீண்டிருக்கும். அந்த விரலுக்குத்தான் இடம் விட வேண்டும். இடம் போதாவிட்டால் இறக்கத்தில் ஓடும்போது விரல் நுனி முன்சுவரில் மோதி, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுக்கிறது.

அகலத்தைப் பார்ப்பதற்குக் கடையிலேயே செய்யக்கூடிய நம்பகமான வழி ஒன்று உண்டு. ஷூவிலிருந்து இன்சோலைக் கழற்றித் தரையில் வையுங்கள். குதிகாலை அதன் பின்விளிம்போடு ஒட்டி வைத்து, முழு எடையும் இறங்கும்படி அதன்மேல் நில்லுங்கள். பிறகு குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் உடன் வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலின் அடிமூட்டோ இன்சோலின் விளிம்பைத் தாண்டி வழிந்து நின்றால், அந்த ஷூவுக்குள் பாதம் பிதுங்கிக்கொண்டுதான் இருக்கும். துணி நெகிழ்ந்து கொடுப்பதால் தொடக்கத்தில் வலி தெரியாமல் போகலாம். தொலைவு கூடும்போது தெரியும். விளிம்புக்குள் பாதம் அடங்கி, முன்னால் இடைவெளியும் இருந்தால், அச்சும் பாதமும் ஒத்துப்போகின்றன என்று கொள்ளலாம். இது எந்த அளவுகோலும் வேண்டாத சோதனை. ஆனாலும் இதைச் செய்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது இடம் பாதத்தின் மேற்புறம். லேஸை இறுக்கியதும் துளை வரிசைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், ஷூவுக்குள் கொள்ளளவு மிகுதி. மாறாக, அவை மிகவும் விலகி நின்று, லேஸ் பாதத்தின்மேல் கோடு போட்டாற்போல் அழுத்தினால், கொள்ளளவு போதாது. ஓடும்போது விரல்கள் மரத்துப்போவதற்குப் பல சமயங்களில் காரணம், மேற்புறத்தில் ஓடும் நரம்புகளை லேஸ் அழுத்துவதே. அழுத்தும் இடத்தில் மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல், அதே பக்கத்தின் அடுத்த துளைக்கு நேராகக் கொண்டுபோனால் அழுத்தம் விலகும்.

கடைசியாகக் குதிகால். அது ஹீல் கவுண்டருக்குள் இறுக்கமும் இன்றி, தளர்ச்சியும் இன்றி அமர்ந்திருக்க வேண்டும். சிறிதளவு நழுவினால் உடனே ஷூவை ஒதுக்க வேண்டாம். பெரும்பாலான ஓட்டக் காலணிகளில் மேலே, கணுக்காலுக்கு அருகில், ஒவ்வொரு பக்கமும் பயன்படுத்தப்படாத துளை ஒன்று இருக்கும். லேஸின் நுனியை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டு, சிறு வளையம் உண்டாகும்படி வையுங்கள். மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். இப்போது இடப்பக்க நுனியை வலப்பக்க வளையத்துக்குள்ளும், வலப்பக்க நுனியை இடப்பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, பிறகு வழக்கம்போல் முடிச்சுப் போடுங்கள். முன்பாதத்தை இறுக்காமலே குதிகாலை மட்டும் பின்னால் பிடித்துவைக்கும் கட்டு இது. இதற்குப் பிறகும் நழுவினால் அந்த ஷூ உங்களுக்கானது அல்ல.

ஆக, சைஸ் எண் தேடலைத் தொடங்குவதற்கான இடம் மட்டுமே. நீளம், அகலம், மேற்புறம், குதிகால் ஆகிய நான்கும் நின்ற நிலையில், இரண்டு கால்களிலும் சரியாக இருந்தால்தான் பொருத்தம் என்று சொல்ல முடியும். இரண்டு பாதங்களும் அளவில் வேறுபட்டால் பெரிய பாதத்துக்கு ஏற்ப வாங்க வேண்டும்.

## சௌகரியமும் காயமும்

தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு உட்சாய்வைத் தடுக்கும் ஷூ வேண்டும், உயர்ந்த வளைவு உள்ளவர்களுக்கு மெத்தென்ற ஷூ வேண்டும், நடுத்தர வளைவுக்கு, உட்சாய்வைத் தடுக்கும் அமைப்பு எதுவும் இல்லாத நடுநிலை ஷூ வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஈரமான பாதத்தைத் தரையில் பதித்து, அந்தச் சுவட்டைப் பார்த்து ஷூவைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இதிலிருந்து வந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கருத்து, சோதித்துப் பார்த்தபோது நிலைக்கவில்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி பெற்றவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பாத வளைவுக்கு ஏற்ற ஷூவும், மற்றவர்களுக்கு வளைவைப் பொருட்படுத்தாமல் ஒரே வகை ஷூவும் கொடுத்து ஆராய்ந்தார்கள்; காயங்களின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேரை நடுநிலை ஷூக்களோடு ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்விலும், மிதமான உட்சாய்வு உள்ளவர்களுக்குக் காயம் அதிகம் என்ற முடிவு கிடைக்கவில்லை.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? கனடாவின் கேல்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் அவருடைய குழுவினரும் 2015-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஒவ்வொருவரின் மூட்டுகளுக்கும் இயல்பான இயக்கப் பாதை ஒன்று உண்டு; ஷூ அதற்கு இடையூறாக இருந்தால் தசைகள் கூடுதலாக உழைக்க நேர்கிறது; உடல் அதை அசௌகரியமாக உணர்த்துகிறது; ஆகவே சௌகரியமே ஒரு வடிகட்டி என்பது அவர்கள் கருத்து. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2001-ல் வந்த ஆய்வில், தமக்குச் சௌகரியமான இன்சோலைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட ராணுவத்தினருக்கு, தேர்ந்தெடுக்காதவர்களைவிடக் காயங்கள் குறைவாக இருந்தன. வடிகட்டிக் கருத்து இன்னும் முழுமையாக நிரூபிக்கப்பட்ட உண்மை ஆகவில்லை. ஆனாலும் பாதச் சுவட்டைவிட நம்பத்தக்க வழிகாட்டி இது என்றே கருதுகிறேன்.

மென்மைக்கு இதில் இடமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. லக்சம்பர்க்கில் 848 பேரைக் கொண்டு நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பார்வைக்கு ஒரே மாதிரியான, ஆனால் நுரையின் கெட்டித்தன்மையில் வேறுபட்ட ஷூக்களைக் கொடுத்தார்கள். எது எது என்று ஓடியவர்களுக்குத் தெரியாது. கெட்டியான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் அதிகமாக இருந்தது. அதிலும் வியப்பு என்னவென்றால், மென்மையால் பயன் அடைந்தவர்கள் எடை குறைந்தவர்களே. எடை அதிகமுள்ளவருக்குத்தான் மெத்தென்ற ஷூ வேண்டும் என்று நாம் எண்ணிவந்ததற்கு இது நேர்மாறானது.

இந்தப் பகுதியின் சாரம்: பாத வளைவை மட்டும் பார்த்து ஷூவைத் தீர்மானிக்க வேண்டாம், ஓடிப் பார்த்து, உடல் எதை ஏற்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏற்கெனவே காயமோ மூட்டுக் கோளாறோ நீரிழிவினால் பாத உணர்வுக் குறைவோ உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பெற்றே வாங்க வேண்டும்.

## கடையில் செய்ய வேண்டியவை

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது அணியும் அதே காலுறையோடு போவது நல்லது. ஷூவைக் காலில் போடுவதற்கு முன் கையால் மூன்று சோதனைகள். முனையையும் குதிகாலையும் பிடித்து மடக்கினால், ஷூ விரல்களின் அடிப்பகுதி இருக்கும் இடத்தில் மடிய வேண்டும்; நடுப்பாதத்தில் மடிந்தால் வேண்டாம். தடித்த, முன்புறம் மேல்நோக்கி வளைந்த சோல்கள் மடியவே மடியாது. அவற்றில் மடிவதற்குப் பதில் உருளும் வடிவம் வைத்திருக்கிறார்கள், அது குறை இல்லை. துணியை முறுக்குவதுபோல் ஷூவை முறுக்கினால் சிறிது எதிர்ப்புத் தெரிய வேண்டும். ஒரு மேசையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் குதிகால் நேராக நிற்க வேண்டும். ஒரே ஜோடியில்கூட ஒன்று சாய்வாக ஒட்டப்பட்டிருப்பது உண்டு.

பிறகு அணிந்து ஓட வேண்டும். கடைக்குள் ஓடுவதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் பொருளுக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை. வாசலுக்கு வெளியே அனுமதித்தால் இன்னும் நல்லது. ஓடும்போது கவனிக்க வேண்டியது, ஷூ எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதை அல்ல. எந்த இடத்தில் அது தன் இருப்பை உணர்த்துகிறது என்பதை. தையல் உரசுகிறதா, உள்வளைவில் ஏதாவது முட்டுகிறதா, இறங்கும்போது கணுக்கால் ஆடுகிறதா, திரும்பும்போது பாதம் உள்ளே சறுக்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாடல்களை மாற்றி மாற்றி அணிவதும், ஒரு காலில் ஒன்றும் மறு காலில் இன்னொன்றுமாகப் போட்டு ஓடிப் பார்ப்பதும் வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டும். போட்டுப் பழகினால் சரியாகிவிடும் என்ற வார்த்தையை ஏற்க வேண்டாம். தோல் காலணி காலின் வடிவத்துக்கு இளகும். இன்றைய ஓட்டக் காலணியின் செயற்கைத் துணி அப்படி இளகுவது மிகக் குறைவு.

## வாங்கிய பின்

முதல் சில ஓட்டங்களைக் குறைந்த தொலைவில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் பாதங்களைப் பாருங்கள். சிவந்த இடம் அகலப் போதாமையையோ தையல் உரசலையோ காட்டுகிறது. குதிகாலின் பின்புறக் கொப்புளம் நழுவலைக் காட்டுகிறது. விரல் நுனியின் வலி நீளப் போதாமையைக் காட்டுகிறது.

பயிற்சி ஷூ ஒன்று பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். எடை, தரை, நுரையின் வகை ஆகியவற்றைப் பொறுத்து இது கூடவோ குறையவோ செய்யும். அவுட்சோலில் ரப்பர் மிச்சம் இருக்கிறது என்பதற்காக ஷூ நன்றாக இருக்கிறது என்று பொருள் இல்லை. நுரை அதற்கு முன்பே தளர்ந்திருக்கலாம். மிட்சோலின் பக்கவாட்டில் படுக்கைவசமாக ஆழமான சுருக்கங்கள் விழுந்து மறையாமல் இருந்தாலோ, பழகிய பாதையிலேயே கெண்டைக்காலும் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்புற எலும்பும் புதிதாக வலித்தாலோ, மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஈரமான ஷூவை வெயிலில் காயவைத்தால் சூட்டில் பசையும் நுரையும் கெடும். இன்சோலைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வைக்க வேண்டும். வாரத்தில் பல நாள் ஓடுபவர்கள் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது நல்லது; ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடியைப் பயன்படுத்தியவர்களுக்குக் காயங்கள் குறைவாக இருந்ததை 2015-ல் வெளிவந்த லக்சம்பர்க் ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டாவது ஜோடியை முதல் ஜோடியிலிருந்து சற்று வேறுபட்ட ட்ராப்போ நுரையோ கொண்டதாக எடுத்தால், ஒரே தசையும் ஒரே மூட்டும் நாள்தோறும் ஒரே விதமான சுமையை ஏற்பதைத் தவிர்க்கலாம். அகலமும் குதிகால் பிடிப்பும் மட்டும் முதல் ஜோடியைப் போலவே அமைய வேண்டும்.